வீடே இல்லாத வீட்டுப் படங்கள்: சீனப் படிப்பாளிகளின் மலைக்குடில் ஓவியங்கள்

செங்குத்தான ஒரு தாள். உயரம் 74.7 சென்டிமீட்டர், அகலம் அதில் பாதிக்கும் சற்றுக் குறைவு. கீழே பாறைகள் நிறைந்த ஒரு கரை, அதில் மெலிந்த நாலைந்து மரங்கள். மரங்களை ஒட்டி நான்கு கால்களும் புல் வேய்ந்த கூரையுமாக ஒரு சின்ன மண்டபம். உள்ளே ஆள் இல்லை. அதற்கு மேலே தாளின் நடுப்பகுதி முழுக்கக் காலி. அதையும் தாண்டி, மேல்பகுதியில் தாழ்வான குன்றுகள். அதற்கு மேல் கொஞ்சம் எழுத்து, சில சிவப்பு முத்திரைகள். படத்தில் வண்ணமே கிடையாது, எல்லாம் கறுப்பு மைதான்.

நி சான் என்ற ஓவியர் 1372இல் வரைந்த இந்தப் படத்துக்கு 'ரோங்ஷி குடில்' என்று பெயர். இப்போது தைபேயில் உள்ள தேசிய அரண்மனை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சீன ஓவிய வரலாற்றைச் சொல்லும் புத்தகம் எதுவும் இதைத் தாண்டிப் போவது கஷ்டம். முதல்முறை பார்க்கிறவருக்கு இரண்டு கேள்விகள் வரும். இதில் அப்படி என்ன இருக்கிறது? பெயரில் உள்ள குடில் எங்கே?

இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்வோம். அதற்கான பதில் படத்திலேயே எழுதியிருக்கிறது.

படத்தில் நி சானின் கையெழுத்து இரண்டு தேதிகளோடு இருக்கிறது. முதல் தேதி 1372, ஏழாம் மாதம். அப்போது அவர் இதை ஒரு நண்பருக்காக வரைந்தார். இரண்டு வருடம் கழித்து, 1374இல், அதே நண்பர் படத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டு வந்தார். ரென்ஜோங் என்ற மருத்துவருக்கு இதைப் பரிசாகக் கொடுக்கப் போகிறேன், ஒரு கவிதை எழுதித் தாருங்கள் என்று கேட்டார். ரோங்ஷி என்பது அந்த மருத்துவர் ஓய்வாக இருக்கும் அறையின் பெயர். அது இருந்த ஊர் வூஷி, நி சானின் சொந்த ஊர். கவிதையை எழுதிவிட்டு நி சான் இப்படிச் சேர்த்தார்: என்றாவது நான் ஊர் திரும்பி, அந்தக் குடிலில் ஏறி, கையில் மதுக்கிண்ணத்தோடு இந்தப் படத்தை விரித்து, ரென்ஜோங் நீண்ட நாள் வாழ வேண்டும் என்று வாழ்த்தினால் என் ஆசை நிறைவேறும்.

ஆக, படம் வரையப்பட்டபோது அது மருத்துவரின் குடிலே இல்லை. இரண்டு வருடம் கழித்து நாலு வரி எழுத்துதான் அதை அவருடைய குடிலாக்கியது. யாரும் இதை ஏமாற்று என்று நினைக்கவில்லை. வாங்கியவரும் 'என் வீடு இப்படி இருக்காதே' என்று சொல்லியிருக்க மாட்டார். இந்த வகை ஓவியங்களின் சாவியே இங்கேதான் இருக்கிறது. குடில் ஓவியம் ஒரு கட்டடத்தைக் காட்டுவதற்காக வரையப்படுவதில்லை. ஒருவர் எப்படிப்பட்டவர், எப்படி வாழ ஆசைப்படுகிறார் என்பதை அவருக்கே வரைந்து கொடுப்பது அது. முகம் வரையாமல் வரைந்த ஆள்படம் என்றே சொல்லலாம்.

சரி, யார் இந்தப் படிப்பாளிகள்? பழைய சீனாவில் அரசு வேலைக்குத் தேர்வு எழுத வேண்டும். பழைய நூல்களை வருடக்கணக்கில் மனப்பாடம் செய்து, கட்டுரையும் கவிதையும் எழுதிப் பழகி, படிப்படியாகத் தேர்வுகளைத் தாண்டியவர்கள் அதிகாரிகள் ஆனார்கள். அவர்களும், அந்தக் கல்வி இருந்தும் பதவி கிடைக்காதவர்களும், பதவியே வேண்டாம் என்று ஒதுங்கியவர்களும் சேர்ந்ததுதான் இந்தக் கூட்டம். சின்ன வயதிலிருந்தே இவர்கள் கையில் தூரிகை இருந்தது, ஏனென்றால் எழுதுவதே தூரிகையால்தான். அதே தூரிகை, அதே மை, அதே தாள். எழுத்திலிருந்து ஓவியத்துக்கு நகர அவர்கள் புதிதாக எதையும் வாங்க வேண்டியதில்லை.

அரண்மனையில் சம்பளத்துக்கு வரைந்த ஓவியர்களும், ஊரில் கூலிக்கு வரைந்தவர்களும் தனி. அவர்களுடைய கைத்திறன் அபாரமானது. பறவையின் ஒவ்வோர் இறகும் தெரியும். படிப்பாளிகள் அந்தப் போட்டிக்கே போகவில்லை. 11ஆம் நூற்றாண்டுக் கவிஞரும் அதிகாரியுமான சு ஷி ஒரு கவிதையில், உருவம் அச்சாக இருக்கிறதா என்று பார்த்து ஓவியத்தை மதிப்பிடுகிறவருக்குக் குழந்தையின் அறிவுதான் இருக்கிறது என்று சொல்லிவிட்டார். கடுமையான பேச்சுதான். ஆனால் அதன்பின் பல நூற்றாண்டுகளுக்கு அந்தப் பேச்சு நின்றது. நி சானும் தன் மூங்கில் ஓவியம் ஒன்றைப் பற்றி அப்படித்தான் எழுதினார்: மனசில் இருப்பதைக் கொட்டத்தான் மூங்கில் வரைகிறேன், பார்க்கிறவர்கள் அதைச் சணல் என்றாலும் நாணல் என்றாலும் எனக்கென்ன?

இவர்கள் ஓவியத்தை விற்க மாட்டார்கள், நண்பர்களுக்காக மட்டும் வரைவார்கள் என்பது அவர்களே வகுத்துக்கொண்ட இலட்சியம். நடைமுறை அவ்வளவு சுத்தமாக இல்லை. பிரிவு உபசாரம், பிறந்தநாள், செய்த உதவிக்குக் கைம்மாறு, பழைய கடன் என்று ஓவியங்கள் கை மாறிக்கொண்டே இருந்தன. காசு நேராகக் கை மாறவில்லையே தவிர, கணக்கு இருந்தது. இதனால் அந்த ஓவியங்களின் மதிப்பு குறைந்துவிட்டதாக நான் நினைக்கவில்லை. மாறாக, ஒவ்வொரு படத்துக்குப் பின்னாலும் குறிப்பிட்ட இரண்டு மனிதர்கள் இருக்கிறார்கள் என்பது அதனால்தான் நமக்குத் தெரிகிறது.

அப்புறம், ஏன் எப்போதும் மலையும் குடிலும்?

இதற்கு ஆதி ஆள் தாவோ யுவான்மிங். கி.பி. 405இல் பெங்ஸே என்ற சிறு ஊரின் நிர்வாக அதிகாரியாக இருந்தவர். மேலிடத்துப் பரிசோதகர் வருகிறார், முறைப்படி உடுத்திப் போய் வணங்குங்கள் என்று சொன்னார்கள். ஐந்து மரக்கால் அரிசிச் சம்பளத்துக்காக முதுகை வளைக்க மாட்டேன் என்று சொல்லி, எண்பது நாள் சொச்சத்தில் வேலையை விட்டுவிட்டு ஊருக்குப் போய் விவசாயம் பார்த்தார் என்பது அவரைப் பற்றிய கதை. ஊர் திரும்பியதைப் பற்றி அவர் எழுதிய பாட்டில், முழங்காலை மடக்கி உட்கார இடமிருந்தால் போதும், நிம்மதி எளிதில் வரும் என்று ஒரு வரி உண்டு. மருத்துவர் ரென்ஜோங் தன் அறைக்குப் பெயர் எடுத்தது அந்த வரியிலிருந்துதான். அந்தப் பெயரைக் கேட்டதும் படித்தவர்கள் எல்லாருக்கும் தாவோ யுவான்மிங் நினைவுக்கு வந்துவிடுவார். படத்தில் அவரை வரைய வேண்டிய அவசியமே இல்லை.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தாவோ யுவான்மிங் காட்டுக்குப் போகவில்லை. மனிதர்கள் வாழும் இடத்தில்தான் குடிசை போட்டேன், ஆனாலும் வண்டி குதிரைச் சத்தம் கேட்பதில்லை, மனசு தூரத்தில் இருந்தால் இடமும் தூரமாகிவிடுகிறது என்று அவரே பாடுகிறார். பின்னால் வந்த படிப்பாளிகள் பெரும்பாலோர் குடும்பம், வேலையாட்கள், சொத்து பத்து என்று ஊருக்குள்ளேயே இருந்தவர்கள். மலையடிவாரத்தில் ஒற்றைக் குடிலாக வரையப்படுவது உண்மையில் கடைத்தெருவுக்குப் பின்னால் இருந்த ஒரு அறையாக இருக்கலாம்.

போக முடியாதவர்களுக்குத்தான் மலை ஓவியம் என்பதை அவர்களே வெளிப்படையாகச் சொன்னார்கள். 5ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த சோங் பிங், வயதாகி உடம்பு முடியாமல் போனபோது, தான் ஏறிய மலைகளைச் சுவரில் வரைந்து வைத்துக்கொண்டு படுத்தபடியே அவற்றில் உலாவுவேன் என்றார். 11ஆம் நூற்றாண்டில் குவோ ஷி இதை இன்னும் தெளிவாக்கினார். இவர் அரண்மனை ஓவியர்தான், ஆனாலும் இவர் சொன்னது எல்லாருக்கும் பாடமாகிவிட்டது. மலையும் ஓடையும் யாருக்குத்தான் பிடிக்காது, ஆனால் பெற்றோரையும் அரசரையும் விட்டுவிட்டு ஒரு நல்ல மனிதர் எப்படிப் போவது? ஆகவே நல்ல கை ஒன்று அவற்றை வரைந்து வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும். மலை ஓவியத்தில் நடக்கக்கூடியது, பார்க்கக்கூடியது, உலாவக்கூடியது, குடியிருக்கக்கூடியது என்று நான்கு வகை உண்டு, பின்னிரண்டும் முன்னிரண்டைவிட மேல் என்றார் அவர்.

இதைத் தெரிந்துகொண்டு பார்த்தால், 'சீன ஓவியர்களுக்குத் தூரம் காட்டத் தெரியாது' என்ற பழைய குற்றச்சாட்டு ஆட்டம் கண்டுவிடும். ஐரோப்பிய மறுமலர்ச்சி ஓவியத்தில் பார்க்கிறவர் ஓர் இடத்தில் நிற்கிறார், கோடுகள் எல்லாம் ஒரு புள்ளிக்கு ஓடுகின்றன. சீன மலை ஓவியத்தில் பார்க்கிறவர் நடந்துகொண்டிருக்கிறார். குவோ ஷி மூன்று தூரங்களைச் சொன்னார்: அடிவாரத்திலிருந்து சிகரத்தை அண்ணாந்து பார்ப்பது, மலைக்கு முன்னால் நின்று அதற்குப் பின்னால் இருப்பதை எட்டிப் பார்ப்பது, பக்கத்து மலையிலிருந்து தூரத்து மலையைச் சமமாகப் பார்ப்பது. ஒரே படத்தில் மூன்றும் வரலாம். நாம் பாலத்தில் இருக்கும்போது ஒரு பார்வை, ஏறி வளைவில் திரும்பும்போது வேறொரு பார்வை.

அதனால் குடில் ஓவியம் ஒன்றைத் திறந்ததும் முதலில் பாதையைத் தேடுங்கள். கீழே ஒரு மூலையில் அநேகமாக ஒரு சிறு பாலம் இருக்கும். அதில் கைத்தடியோடு ஒருவர் வந்துகொண்டிருப்பார், பின்னால் துணியில் சுற்றிய சின் என்ற ஏழு நரம்பு வாத்தியத்தைச் சுமந்துகொண்டு ஒரு பையன். பாலத்துக்கு இந்தப் பக்கம் ஊர், அந்தப் பக்கம் குடிலின் உலகம். வேலிக்கதவு திறந்திருந்தால் வருகிறவரை எதிர்பார்த்திருக்கிறார்கள். குடிலுக்குள் ஒருவர் புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பார், இல்லாவிட்டால் சும்மா தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு பையன் தேநீருக்குத் தண்ணீர் காய்ச்சிக்கொண்டிருப்பதும் உண்டு. ஆட்கள் நகக்கண் அளவுதான். ஜூம் செய்து பார்க்கத் தயங்க வேண்டாம். அந்தக் காலத்து ஆட்களும் சுருளை மேசையில் விரித்து மூக்கு படுகிற தூரத்தில் வைத்துத்தான் பார்த்தார்கள். மரங்களுக்கும் அர்த்தம் உண்டு. பைன் மரம் குளிரிலும் பச்சை மாறாது, மூங்கில் வளையும் ஆனால் ஒடியாது, ப்ளம் பனிக்காலத்திலேயே பூக்கும். மூன்றும் மனிதரின் குணத்துக்கு நிற்பவை.

இனி முதல் கேள்விக்கு வருவோம். பாலமும் இல்லாமல், ஆளும் இல்லாமல், பாதி தாள் காலியாக இருக்கும் நி சான் படத்தில் அப்படி என்ன இருக்கிறது?

கோடுகளைப் பாருங்கள். நி சான் மிகக் குறைந்த மையில், காய்ந்தாற்போன்ற தூரிகையைச் சாய்த்துப் பிடித்து இழுக்கிறார். கோடு போகப் போக நடுவே தாளின் வெண்மை எட்டிப் பார்க்கிறது. பாறை வரையும்போது தூரிகை பக்கவாட்டில் போய், சட்டென்று மூலையில் திரும்பிக் கீழே இறங்குகிறது. பட்டைத் துணியை மடித்ததுபோல் இருப்பதால் அதற்கு 'மடித்த நாடா' என்றே பெயர். பாறையின் மேற்பரப்பைக் காட்டும் இந்த மாதிரிக் கோடுகளுக்குப் பொதுவாக சுன் என்பார்கள். அதில் சணல் நார், கோடரி வெட்டு, மாட்டு ரோமம் என்று ஏராளமான வகைகள். ஓவியர் பெயர் தெரியாவிட்டாலும் பாறையை வைத்தே வழியைக் கண்டுபிடித்துவிடுவார்கள். தாள் மையை உறிஞ்சிவிடும், வைத்த கோட்டை அழிக்க வழியில்லை. எனவே ஒவ்வொரு கோடும் கை எவ்வளவு வேகமாகப் போனது, எங்கே நின்றது, எங்கே அழுத்தியது என்று காட்டிவிடும். எழுத்தைப் பார்த்து ஆளைச் சொல்லும் பழக்கம் ஊறிய சமூகத்தில், இந்த மெல்லிய, அவசரமில்லாத, ஒன்றையும் கூட்டிச் சொல்லாத கோடுகள் ஒரு மனிதரின் குணமாகவே வாசிக்கப்பட்டன.

நடுவில் உள்ள காலியிடம் தண்ணீர். ஓர் அலைகூட வரையவில்லை. கரையும் குன்றும் இருபுறம் இருப்பதாலேயே அது ஏரியாகிவிடுகிறது. அந்த ஏரி நி சானுக்கு நன்றாகத் தெரிந்த ஏரி. பெரிய பணக்காரக் குடும்பத்தில் பிறந்தவர் அவர். புத்தகங்களும் பழைய ஓவியங்களும் வெண்கலப் பாத்திரங்களும் நிறைந்த ஒரு மாளிகையே வைத்திருந்தார். சுத்தத்தில் அவ்வளவு பிடிவாதம், தோட்டத்து மரங்களைக்கூடக் கழுவச் சொல்வார் என்பார்கள். மங்கோலியர்களின் யுவான் ஆட்சி தள்ளாடிக்கொண்டிருந்த காலம். கலகம், வரிக்காரர்களின் நெருக்கடி. 1350களில் சொத்தையெல்லாம் கைவிட்டுவிட்டு, தைஹு என்ற பெரிய ஏரியின் பகுதியில் படகிலும் கோயில்களிலும் நண்பர்கள் வீட்டிலுமாக இருபது வருடம் போல அலைந்தார். 'என்றாவது ஊர் திரும்பினால்' என்று அவர் எழுதியதை இதோடு சேர்த்துப் படிக்க வேண்டும். 'ரோங்ஷி குடில்' படத்தில் அந்த வரிகளை எழுதிய 1374ஆம் வருடமே அவர் காலமாகிவிட்டார்.

ஏறக்குறைய இதே அமைப்பில் அவர் நிறைய வரைந்திருக்கிறார்: இந்தக் கரை, தண்ணீர், அந்தக் கரை. புதுமைக்கு அவர் மெனக்கெடவே இல்லை. யுவானுக்குப் பின் வந்த மிங் வம்சத்தின் காலத்தில், யாங்சி ஆற்றுக்குத் தெற்கே உள்ள ஜியாங்னான் பகுதிக் குடும்பங்களை, நி சான் படம் வீட்டில் இருக்கிறதா இல்லையா என்று பார்த்தே ரசனை உள்ளவர்கள், இல்லாதவர்கள் என்று பிரித்தார்களாம்.

இதற்கு நேர் எதிரானதையும் ஒன்று பார்த்துவிட வேண்டும். நி சானின் காலத்தவரான வாங் மெங் 1366இல் வரைந்த 'சிங்பியான் மலைக் குடியிருப்பு' ஷாங்காய் அருங்காட்சியகத்தில் உள்ளது. இதில் மூச்சுவிட இடமில்லை. 140 சென்டிமீட்டர் உயரத்துக்கு மலை நெளிந்து, புரண்டு, கோடுகளால் நிறைந்து மேலேறுகிறது. வீடு எங்கோ ஒரு மடிப்பில் நசுங்கிக்கொண்டு இருக்கிறது. பியான் மலை வாங் மெங்கின் தாய்வழிக் குடும்பத்தோடு தொடர்புள்ள இடம். வரைந்த சமயத்தில் அந்தப் பகுதி போர்முனை. ஒதுங்க இடமே இல்லாத காலத்தில் வரைந்த ஒதுக்கிடம் அது. வாங் மெங் பின்னர் மிங் ஆட்சியில் பதவிக்குப் போனார். மரண தண்டனைக்கு உள்ளான ஓர் அமைச்சரின் வீட்டுக்கு ஒருமுறை ஓவியம் பார்க்கப் போனவர் என்பதற்காகப் பிடிபட்டு, 1385இல் சிறையில் இறந்தார். குடில் ஓவியம் என்றாலே அமைதி என்று எழுதுகிறவர்கள் இந்தப் படத்தின் முன் கொஞ்சம் நின்றுவிட்டுப் போகலாம்.

மிங் காலத்தில், சூஜோ நகரத்தில், குடில் ஓவியம் ஒரு வழக்கமாகவே வேரூன்றியது. ஒருவர் தன் படிப்பறைக்கோ தனக்கோ ஒரு புனைபெயர் வைத்துக்கொள்வார், நண்பர் அந்தப் பெயருக்கு ஒரு படம் வரைவார், மற்ற நண்பர்கள் ஆளுக்கொரு கவிதை எழுதுவார்கள். இந்தச் சூஜோவின் பெரிய பெயர் வென் ஜெங்மிங். தேர்வில் திரும்பத் திரும்பத் தோற்றவர். ஐம்பதைத் தாண்டியபின் 1523இல் பரிந்துரையின் பேரில் பெய்ஜிங்கில் ஒரு பதவி கிடைத்தது. சில வருடத்தில் விட்டுவிட்டு ஊர் திரும்பி, தொண்ணூறு வயதுவரை வரைந்துகொண்டும் எழுதிக்கொண்டும் இருந்தார்.

அவர் வரைந்தவற்றில் எனக்கு மிகப் பிடித்தது 1543ஆம் வருடப் படம் ஒன்று. நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மரங்களுக்கு மேலே தலைதூக்கி நிற்கும் ஒரு மாடிவீடு, மாடியில் இரண்டு நண்பர்கள் எதிரெதிரே உட்கார்ந்திருக்கிறார்கள். லியூ லின் என்ற அதிகாரி ஓய்வு பெற்று வந்தபோது அவருக்காக வரைந்தது. லியூ லினுக்கு மாடியில் குடியிருக்க ஆசை. ஆனால் நேர்மையான மனிதர், கட்ட வசதியில்லை. மிங் வம்சத்தின் அதிகாரபூர்வ வரலாறு சொல்கிறது: அவர் மூங்கில் பல்லக்கு ஒன்றை உத்தரத்தில் கட்டித் தொங்கவிட்டு, அதற்குள் சுருண்டு படுத்துக்கொண்டு, அதற்கு 'தெய்வ மாடி' என்று பெயர் வைத்தாராம். வென் ஜெங்மிங் படத்தின் மேலேயே எழுதினார்: மாடி இன்னும் எழும்பவில்லை, ஆனாலும் அதன் கருத்தை முன்கூட்டியே ஒரு கவிதையாகவும் படமாகவும் தருகிறேன், பின்னால் இருக்கைக்குப் பக்கத்தில் மாட்டி வைத்துக்கொண்டால் மாடி வாழ்க்கைக்கு இதுவும் ஓர் உதவியாக இருக்கும்.

கட்டாத வீட்டை நண்பனுக்குக் கட்டிக் கொடுக்கிறார். இதைப் படித்தபின் அந்த மாடியில் எதிரெதிரே உட்கார்ந்திருக்கும் இருவரில் ஒருவர் வென் ஜெங்மிங்தானோ என்று யோசிக்காமல் இருக்க என்னால் முடிவதில்லை.

எழுத்தைப் படிக்கத் தெரியாதவர்கள் என்ன செய்வது? பெரிய அருங்காட்சியகங்களின் இணையதளங்களில் பெரும்பாலும் படத்தோடு அதன் மொழிபெயர்ப்பும் குறிப்பும் இருக்கும். அதை முதலில் படித்துவிடுங்கள், படம் கெட்டுப்போகாது. வரைந்தவர், வாங்கியவர், பின்னால் வைத்திருந்தவர்கள் எல்லாரும் படத்திலேயே எழுதியும் முத்திரை குத்தியும் வைப்பது இந்த மரபில் வழக்கம். சிவப்பு முத்திரைகளில் சில ஓவியருடையவை, மீதி அதை வைத்திருந்தவர்களுடையவை. 18ஆம் நூற்றாண்டில் ஆண்ட சியான்லோங் பேரரசர் தன் கைக்கு வந்த ஓவியங்களில் பெரிய பெரிய முத்திரைகளைக் குத்தித் தள்ளினார், இடம் கிடைத்த இடத்தில் கவிதையும் எழுதினார். எனக்கு அது மிகையாகத்தான் படுகிறது. ஆனால் ஒரு படம் யார் யார் கையில் இருந்தது என்று இன்று சொல்ல முடிவது இந்தப் பழக்கத்தால்தான்.

அடுத்து எதைத் திறக்கலாம் என்று கேட்டால் ஹுவாங் கோங்வாங் வரைந்த 'புச்சுன் மலைக் குடியிருப்பு'. இது மாட்டி வைக்கும் படம் இல்லை, கையில் பிடித்து வலமிருந்து இடமாகக் கொஞ்சம் கொஞ்சமாக விரித்துப் பார்க்கும் நீளச் சுருள். திரையில் பார்க்கும்போதும் வலது ஓரத்தில் தொடங்கி மெதுவாக நகர்த்துங்கள், முழுப் படத்தையும் ஒரே பார்வையில் பார்த்தால் மலைத்தொடரின் கோடு மட்டும்தான் தெரியும். வூயோங் என்ற தாவோயியத் துறவிக்காக எழுபதைத் தாண்டிய வயதில் வரையத் தொடங்கினார். தோன்றும்போது மட்டும் கொஞ்சம் வரைவார், வருடங்கள் ஓடின. யாராவது தந்திரமாகவோ பலவந்தமாகவோ பறித்துக்கொண்டு போய்விடுவார்களோ என்று துறவிக்குப் பயம். அதனால் 1350இல், இது யாருக்கு உரியது என்று சுருளின் கடைசியில் முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொண்டார். 1650இல் அப்போதைய உரிமையாளர் சாகும் தறுவாயில் அதைத் தன்னோடு சேர்த்து எரிக்கச் சொன்னார். உறவினர் ஒருவர் தீயிலிருந்து இழுத்துக் காப்பாற்றியும் சுருள் இரண்டாகிவிட்டது. ஆறு மீட்டருக்கு மேல் நீளமுள்ள பகுதி தைபேயில் இருக்கிறது, அரை மீட்டர் துண்டு ஹாங்ஜோவில் உள்ள ஜெஜியாங் மாகாண அருங்காட்சியகத்தில். 2011இல் தைபேயில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார்கள். இரண்டுக்கும் நல்ல படங்கள் இணையத்தில் கிடைக்கின்றன. சின்னத் துண்டுதான் சுருளின் தொடக்கம், அதிலிருந்து ஆரம்பியுங்கள்.